தட்டைப்பயறில் அசுவினி: உங்கள் காட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

மேட்டுக்காடு:
போன தை மாதம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அரை ஏக்கர், 40 நாள் பயிர், பூ எடுக்கிற நேரம். நாலு நாள் மப்பும் பனியுமாக இருந்தது. அப்புறம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பூங்காம்பெல்லாம் மை பூசியது போலக் கறுப்பு அசுவினி, அதான் சாறு உறிஞ்சுகிற செடிப்பேன், கொடியில் சாரை சாரையாக எறும்பு. நடுவிலே கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த, குட்டி முதலை போன்ற புழுக்கள். இதுவும் சேர்ந்து தின்கிறதே என்று பயந்து, சாயங்காலமே டைமீத்தோயேட் பூச்சிமருந்து அடித்தேன். காலையில் போய்ப் பார்த்தால் அசுவினி செத்து ஒட்டியிருந்தது. அந்தப் புழுக்களும் தரையில் சுருண்டு கிடந்தன. இரண்டே வாரத்தில் அசுவினி முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது. போனில் எடுத்த படத்தைப் பக்கத்துக் காட்டு அண்ணனிடம் காட்டினேன். "இது பொறிவண்டோட புழுடா, அசுவினியைத் தின்ன வந்தது" என்றார். அவை தரையில் கிடந்த கிடப்புதான் கண்ணிலேயே நிற்கிறது.

பருத்திக்காரி:
தம்பி, நாங்கள் பருத்தியைச் சுற்றி வரப்பில் தட்டைப்பயறு ஊன்றுவதே அதில் அசுவினி வரட்டும் என்றுதான். அதைத் தின்று பெருகும் பொறிவண்டு பருத்திக்குள் இறங்கும். பயறில் வருவது வேறு அசுவினி, பருத்தியில் வருவது வேறு, ஆனால் வண்டுக்கு இரண்டும் தீனிதான். ஒரு வருஷம் என் மாமனார் வரப்புக்கும் சேர்த்து மருந்து அடித்துவிட்டார். வரப்பு சுத்தமாகிவிட்டது, பருத்தி இலை சுருண்டுவிட்டது. மருந்தே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

மானாவாரி:
அக்கா, வரப்புப் பயிருக்கு அது சரி. பயறையே நம்பி விதைத்தவன் எப்படிச் சும்மா இருப்பது? அசுவினி சாற்றை உறிஞ்சுவதோடு விடாது, தேமல் நோயையும் பரப்பும். எனக்கு ஐப்பசியில் ஒரே ராத்திரி அடித்த மழையில் கொடி கழுவி விட்டது போல ஆனது. மார்கழியில் மழை நின்றதும் பத்து நாளில் பழையபடி வந்துவிட்டது. ஆண் இல்லாமலே பெட்டை குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தானும் குட்டி போடும். வேலியில் கிளைரிசிடியா இருந்தால் அதன் துளிரையும் பாருங்கள், இதே கறுப்பு அங்கேயும் இருக்கும்.

மேட்டுக்காடு தம்பி, அடிப்பதானால் முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். காய்ந்த பருப்பு 5 கிலோவை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைக்க வேண்டும். காலையில் பால் போல வெள்ளையாகும் வரை கலக்கி, துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, 100 லிட்டர் ஆக்கி 200 கிராம் சோப்புத் தூள் சேருங்கள். கொட்டை எடுத்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், எட்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய கொட்டையில் அடித்துவிட்டு வேம்பு கேட்கவில்லை என்பவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன். வெயில் தணிந்த பிறகு, இலைக்கு அடியிலும் படும்படி அடியுங்கள். எல்லாக் கொடிக்கும் வேண்டாம், அசுவினி ஏறிய பாத்திக்கு மட்டும் போதும்.

காய்க்கடை:
காய்ப் பருவத்தை யாரும் சொல்லவே இல்லையே. சித்திரையில் என் காய்கள் வெளியே பார்க்க நன்றாக இருந்தன, உரித்தால் பயறு சுருங்கிப் பொக்கை. எல்லாம் காயில் ஊசி போலக் குத்திச் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. அதிகாலையில் அது மந்தமாக இருக்கும்போது, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் உதறி விட்டேன். மூன்று நாள் குனிந்தது இடுப்பைப் பிடித்துக்கொண்டது, ஆனால் கடைசிப் பறிப்பு தேறியது.

மேட்டுக்காடு:
மானாவாரி அண்ணா, கொட்டை இடித்து வைத்திருக்கிறேன். இந்த விதைப்பில் நேற்று ஒரே கொடியில் அசுவினி பார்த்தேன். பக்கத்து இலைக்கு அடியில் பொறிவண்டின் மஞ்சள் முட்டைகள் கொத்தாக நட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கொடியில் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு வந்தேன். மருந்து அடிக்கிற டேங்கை இன்னும் கீழே இறக்கவில்லை.