பழைய 4டிஆர்5 ஜீப்பை 2 அங்குலம் உயர்த்தலாமா?

வெள்ளவத்தை ஜீப்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓடிய மிட்சுபிஷி ஜீப் ஒன்று இப்போது என் கையில் இருக்கிறது. 4டிஆர்5 டீசல் எஞ்சின், நீளம் குறைந்த கட்டை பொடி, முன்னும் பின்னும் தகட்டு ஸ்பிரிங். காலி வீதியில் வேலைக்குப் போய் வருவதும் இதில்தான், முருங்கன் பக்கம் எங்கள் வயலுக்குப் போவதும் இதில்தான்.

மாரி தொடங்கினால் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வாய்க்கால் கரைப் பாதை முழுக்கச் சேறு. டிராக்டர் ஓடிய தடத்தில் ஜீப்பை இறக்கினால் நடுவில் நிற்கும் மேடு அடியில் உரசுகிறது. போன மாரியில் பின் டிஃப் (அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டை) மேட்டில் குந்திவிட, டிராக்டர் கட்டித்தான் இழுத்தார்கள்.

இங்கே ஒரு கராஜில் காட்டினேன். ஷாக்கிளை (ஸ்பிரிங்கின் ஒரு முனையை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் துண்டை) நீளமாகச் செய்து போட்டால் 2 அங்குலம் உயரும், ஒரே நாள் வேலை என்றார்கள். இன்னொரு இடத்தில், ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே ஏற்றிப் பூட்டினால் 5 அங்குலம்வரை வரும் என்கிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஏறுகிற வண்டி என்பதால் யோசனையாக இருக்கிறது. எதைச் செய்யலாம்?

தெஹிவளை சமுராய்:

ஷாக்கிள் நீட்டிய சுசுகி ஒன்றை நண்பருக்காகக் கொஞ்சக் காலம் ஓடினேன். உயரம் வந்தது உண்மை. ஆனால் வளைவு முடிந்தாலும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, கையால்தான் திருப்ப வேண்டும். 60க்கு மேல் போனால் வண்டி வீதியில் இங்கும் அங்கும் அலையும். மதவாச்சியிலிருந்து மன்னார்வரை அப்படி ஓட நான் விரும்ப மாட்டேன்.

பஞ்சிகாவத்தை ஸ்பிரிங்:

தம்பி, நான் ஸ்பிரிங் வேலையிலேயே இருப்பவன். உங்கள் கேள்விக்கு நேரே வருகிறேன். உங்களுக்குச் சேற்றில் குந்தியது பின் டிஃப். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த டிஃப் ஒரு நூல்கூட மேலே வராது. டிஃப் அச்சோடு சேர்ந்தது, அச்சு டயரில் நிற்கிறது. ஸ்பிரிங்கால் உயர்வது அதற்கு மேலே உள்ள செசியும் (வண்டியின் அடிச்சட்டம்) பொடியும்தான். டிஃபை உயர்த்துவது டயர் ஒன்றுதான். உங்கள் ஜீப்பில் 6.00-16 போட்டிருந்தால் 7.00-16க்கு மாறலாம். விட்டம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கூடும், டிஃப் அதில் பாதி உயரும். மெல்லிய, உயரமான டயர் என்பதால் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் இறுகிய மண்ணைப் பிடிக்கும். அகல டயரை விட வயல் பாதைக்கு இது நல்லது. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாமா? தொட வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்கு. அந்த வயது ஜீப்பில் ஸ்பிரிங் தொய்ந்துதான் இருக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் 2 அங்குலத்தில் பெரும்பகுதி வண்டி இழந்த உயரமாகவே இருக்கலாம். சமதரையில் நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிபார்த்து, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்தும் மேலே மட்கார்டின் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். நான்கு அளவும் வேண்டும்.

பிறகு அடியில் படுத்து ஸ்பிரிங்கை நன்றாகப் பாருங்கள். வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கையில் நிற்கிற வண்டி என்றால் உப்புக் காற்று தகடுகளுக்கு நடுவில் போய்த் துரு கட்டியிருக்கும். அந்தத் துரு பொருக்குப் பொருக்காக வீங்கித் தகடுகளைப் பிரித்து வைக்கும். கீழ்த் தகடுகளின் நுனி மேல் தகட்டில் குழி தோண்டியிருக்கும். தகடு முறிவது பெரும்பாலும் அந்தக் குழியிலிருந்தோ நடு போல்ட் ஓட்டையிலிருந்தோதான். தகடு நல்லதென்றாலும், செசியில் ஸ்பிரிங் தொங்குகிற பிராக்கெட்டை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே உளுத்திருந்தால் மொத்தையாக ஒலிக்கும், பெயின்ட் உதிரும். அப்படி இருந்தால் உயர்த்தும் கதையை விட்டுவிட்டு முதலில் செசி வேலை.

தகடு தொய்ந்திருந்தால் புதுத் தகடு போடுவதுதான் என் விருப்பம். பழையதை அடித்து வளைக்கலாம். சூடாக்கினால் எண்ணெயில் தோய்த்து மறுபடி பதம் ஏற்ற வேண்டும். பதம் ஏற்றாத தகடு கொஞ்ச நாளில் பழையபடி படுத்துவிடும். லொறித் தகட்டை வெட்டி இடையில் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். 6 மில்லிமீட்டர் தகடு இருந்த இடத்தில் அதே அகலம், அதே நீளத்தில் 8 மில்லிமீட்டர் போட்டால் அந்தத் தகட்டின் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போகும். ஜீப் உயர்ந்து நிற்கும், ஆனால் ஸ்பிரிங் வேலை செய்யாது. பிள்ளைகள் பின்னால் இருக்க முடியாது, பள்ளத்தில் சில்லு நிலத்தை விட்டு எழும்பும்.

ஷாக்கிள் பற்றி: அதை 2 அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது சுமார் 1 அங்குலம்தான், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. ஒரு முனை இறங்கும்போது அச்சும் சேர்ந்து சரிகிறது, முன் அச்சில் காஸ்டர் கோணம், அதாவது முன் சில்லு திரும்புகிற அச்சாணியின் முன்பின் சாய்வு, மாறுகிறது. சமுராய்க்காரர் சொன்ன அலைச்சல் அதனால்தான். ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே ஏற்றுவது உங்கள் பாவிப்புக்குத் தேவையே இல்லாத வேலை. ஸ்டியரிங் தடிகளின் கோணம், ப்ரொபெலர் ஷாஃப்டின் கோணம் எல்லாம் மாறும். பிரேக் அடிக்கும்போதும் கிளச் விடும்போதும் அச்சு ஸ்பிரிங்கை முறுக்கும். குடும்பம் ஏறுகிற கட்டை ஜீப்பை அவ்வளவு உயரத்தில் வைத்து வளைவில் திருப்புவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை டீசல்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. எவ்வளவு உயர்த்தினாலும் ஹெட்லைட்டை மறுபடி செட் பண்ணுங்கள். இரவில் எதிரே வருகிறவனின் கண்ணில் அடிக்கும். டயர் அளவு, உயரம் எதை மாற்றினாலும் செய்வதற்கு முன்பே நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

வெள்ளவத்தை ஜீப்:

மிக்க நன்றி அண்ணா. நேற்று அளந்தேன். முன்பக்கம் இடது 47, வலது 44.5 சென்டிமீட்டர். பின்பக்கம் இடது 48, வலது 46. துரு நீங்கள் சொன்ன மாதிரியேதான், பொருக்காக வருகிறது. பிராக்கெட் நான்கு பக்கமும் கணீரென்றுதான் ஒலிக்கிறது. பின் வலது ஸ்பிரிங்கில் இரண்டாவது தகடு நடு போல்ட் அருகில் வெடித்திருக்கிறது. புதுத் தகடு போடும்போது ஒரு அங்குலம் கூடுதலாக வளைவு வைக்கச் சொல்லலாமா?

பஞ்சிகாவத்தை ஸ்பிரிங்:

வெடித்த தகட்டோடு மன்னார் போக வேண்டாம் தம்பி, அதை மாற்றும்வரை கொழும்புக்குள் ஆறுதலாக ஓடுங்கள். செசி நன்றாக இருப்பது பெரிய விஷயம். வலது பக்கம் முழுக்கத் தொய்ந்திருப்பது சாரதி இருக்கிற பக்கம் என்பதால். அதனால் நான்கு ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி மற்றப் பக்கம் சாயும்.

ஒரு அங்குலம் வைக்கலாம், தாராளமாக. அந்த அளவுக்கு ஷாக்கிளைத் தொடத் தேவையில்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இவற்றைப் பாருங்கள். ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டுவிடும், அதை மறுபடி போட விடாதீர்கள். ஷாக்கிளில் உள்ள றப்பர் புஷ்ஷின் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது, நான்கு சில்லும் நிலத்தில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் றப்பர் முறுகிக் கெதியாகக் கிழியும்.

கடைசியாகச் செசியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சில்லுகள் கீழே தொங்கட்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கையால் பிடித்துப் பாருங்கள். இழுபட்டால், அல்லது மடிக்கும்போது றப்பரில் வெடிப்புத் தெரிந்தால், நீளமான புது ஹோஸ். ஷாக் அப்சோர்பரும் அந்த நிலையில் முழுக்க நீண்டு முட்டக் கூடாது. ஓடும்போது ஸ்டியரிங் நேருக்கு வரவில்லை என்றால் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் 2 பாகை இரும்பு ஆப்பு போதும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டை ஒருமுறை இறுக்குங்கள். புதுத் தகடு கொஞ்சம் அமரும், அதற்குப் பிறகு மறுபடி அளந்து இங்கே போடுங்கள்.