மரங்கள் துளிர்ப்பதற்கு முன்னால் காட்டில் ஒரு காலை, வீட்டில் சில பூக்கள்

குளிர் முழுதாக விலகாத, மரங்களில் ஓர் இலைகூட இல்லாத நாட்களில் காட்டுக்குப் போவதுதான் எனக்குப் பிடிக்கும். "இன்னும் ஒரு மாதம் போகட்டும், பச்சைப்பசேலென்று இருக்குமே" என்பார்கள். இருக்கும்தான். ஆனால் அதற்குள் தரையில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

இலையுதிர் காடுகளில் வசந்தம் கீழிருந்து மேலே ஏறுகிறது. முதலில் தரை, அப்புறம் புதர், கடைசியில்தான் பெரிய மரங்கள். மேலே இலை அடர்ந்துவிட்டால் தரைக்கு வெயில் கிடைக்காது என்பதால் சின்னச் செடிகள் முந்திக்கொள்கின்றன. போன வசந்தத்தில் கிழங்கில் சேர்த்து வைத்ததைச் செலவழித்து முளைத்து, பூத்து, விதைத்து, நிழல் கவிந்த கொஞ்ச நாளில் மறுபடி மண்ணுக்குள் ஒடுங்கிவிடும்.

இந்த முறை போனது மேகம் மூடிய ஒரு காலையில். ஒரு சரிவு முழுக்கக் காட்டு அனிமோன்கள் என்ற சின்ன வெள்ளைப் பூக்கள், எல்லாமே கூம்பித் தலை கவிழ்ந்திருந்தன. இரவிலும் மழையிலும் மந்தாரத்திலும் இந்தப் பூ மூடிக்கொள்ளும். வெயில் வரட்டும் என்று ஒரு வேரடியில் உட்கார்ந்துவிட்டேன். மேகம் விலகியதும் ஒளி முதலில் விழுந்த பக்கத்துப் பூக்கள் நிமிரத் தொடங்கின. அசைவது கண்ணுக்குத் தெரியாது. வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் மட்டும் மாறியிருக்கும். வெயில் சரிவில் இறங்க இறங்க வெண்மையும் கூடவே இறங்கியது.

அதே வெயிலுக்கு உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த ஒரு பெரிய பம்பிள் தேனீயும் கிளம்பியது. வசந்தத் தொடக்கத்தில் பறக்கும் பம்பிள் தேனீக்கள் பெரும்பாலும் ராணிகள். பழைய கூட்டிலிருந்த மற்றவையெல்லாம் இறந்துபோக, இவை மட்டும் தனித்தனியாகக் குளிர்காலத்தைக் கடந்தவை. இது பூவில் உட்காரவே இல்லை. தரையை ஒட்டிப் பறந்து வேரிடுக்கு, பாசி, எலி விட்டுப்போன வளை என்று ஒவ்வொன்றாக நுழைந்து பார்த்தது. கூடு வைக்க இடம் தேடுகிறது. எனக்கு அது எழுந்து போக மனம் வராத நேரம்.

புதர்ப் பக்கம், கொட்டை காய்க்கும் ஹேசல் செடி பூத்திருந்தது. மஞ்சள் சரமாகத் தொங்கும் ஆண் பூ யார் கண்ணிலும் படும். பெண் பூவைத் தேடிப் பாருங்கள்: மொட்டின் நுனியில் சிவப்பு இழைகள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கொட்டை அதிலிருந்துதான் வருகிறது.

காட்டிலிருந்து நான் எதையும் பறிப்பதில்லை. டிரில்லியம் போன்ற காட்டுப் பூச்செடி விதையிலிருந்து முதல் பூவுக்கு வர 7 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். பூவோடு அதன் மூன்று இலைகளும் போய்விட்டால் அந்த வருடம் கிழங்குக்கு உணவே சேராது. வீட்டுக்குத் தோட்டத்து ஃபோர்சித்தியா என்ற மஞ்சள் பூப் புதரின் கிளைகள் போதும். சில வாரங்கள் நல்ல குளிர் பட்ட கிளையை வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் மொட்டு விழித்துக்கொள்ளும். மொட்டின் செதில் விலகி உள்ளே மடிந்திருக்கும் மஞ்சள் தெரிவதை மேசைக்குப் பக்கத்திலேயே வைத்து நாள் முழுக்கப் பார்க்கலாம். இதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு காட்டுக்குப் போனால், வெறுங்கிளை என்று எதுவும் தோன்றுவதில்லை. உங்கள் பக்கம் என்ன பார்த்தீர்கள், எழுதுங்கள்.

மறுமொழி

அக்கா, பெண் பூ விஷயம் படித்ததும் போய்த் தேடினேன், கிடைத்தது! நான் பார்த்தது எறும்பு. ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூ பூத்து ஓய்ந்தபின் காய் கனத்துத் தரையில் சாய்ந்து வெடிக்கும். ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய விதையை இழுத்துக்கொண்டு போனது. குனிந்தபடியே பின்னால் போனேன். விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும், எறும்புக்கு வேண்டியது அதுதான். அதைத் தின்றபின் விதையை வெளியே போட்டுவிடும், அது அங்கேயே முளைக்கும். யாரும் நடாத பாதையோரத்தில் ஒற்றையாக ஒரு ஸ்னோடிராப் நின்றால் எனக்கு இப்போது எறும்பு நினைவுதான்.

மறுமொழி

என் அம்மாவால் இப்போது படுக்கையை விட்டு எழுந்து நடக்க முடியாது. அதனால் வசந்தத்தை அவர் அறைக்கே கொண்டுவருகிறோம். கழுத்து குறுகிய கண்ணாடிக் குவளையில், வாசனைப் பூ தரும் ஹயசிந்த் கிழங்கு. வேர் இறங்கும்வரை குளிர்ந்த இருட்டில் இருந்தது. முளை நன்றாக எழும்பியதும் அவர் ஜன்னலுக்கு வந்தது. அம்மா வேரைத்தான் அதிகம் பார்க்கிறார். பூத்த அன்று வாசனை கதவுக்கு வெளியே வந்து நின்றது. ஒரு சந்தேகம் அக்கா, டாஃபடிலையும் டூலிப்பையும் ஒரே ஜாடியில் வைத்தால் டூலிப் சீக்கிரம் வாடுகிறதே, ஏன்?

மறுமொழி

அம்மா வேரைப் பார்க்கிறார் என்று எழுதினீர்களே, அதை மறுபடி மறுபடி படித்தேன். மண்ணுக்குள் நடப்பதைப் பார்க்க இப்படி இடம் கொடுக்கும் பூக்கள் குறைவு. தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடாமல் சற்றுக் கீழேயே நிற்கட்டும், தொட்டால் அழுகும்.

டாஃபடில் தண்டை வெட்டினால் வழவழப்பாக ஒரு சாறு வடியும். அது தண்ணீரில் கலந்து மற்றப் பூக்களைக் கெடுக்கும். டாஃபடிலைத் தனியாகச் சில மணி நேரம் தண்ணீரில் வைத்து, சாறு வடிந்தபின், தண்டை மறுபடி வெட்டாமல் அப்படியே டூலிப்போடு சேருங்கள். டூலிப் ஜாடியிலும் வளரும், வெளிச்சத்தின் பக்கம் சாயும். தினமும் ஜாடியைத் திருப்பி வைக்க அம்மாவிடமே சொல்லுங்கள், கை எட்டினால் செய்வார்.

வீட்டில் பூனை இருந்தால் லில்லி வேண்டவே வேண்டாம், அதன் மகரந்தம்கூடப் பூனைக்கு உயிராபத்து. ஹயசிந்த் கிழங்கு சிலர் கையை அரிக்க வைக்கும், அடுத்த முறை கையுறை போட்டுக்கொண்டு எடுத்து வையுங்கள்.