அப்பாவின் தேநீர்க்கடை நண்பர்களை அறிந்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

கேள்வி (இரங்கூன்):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் சென்ற ஐப்பசியில் தமது 83-ஆம் வயதில் காலமானார். தலைத்திவசத்தன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் அச்சிடலாம் என்று உடன்பிறந்தோர் நால்வரும் முடிவு செய்தோம். எழுதும் பொறுப்பு மூத்தவனான என்னிடம் வந்தது. எழுத உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, கைகால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அப்பாவைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன். ஆனால் வேலை முடிந்து வீடு வருவதற்குள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் மொகல் தெருப் பக்கத்துத் தேநீர்க்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒரு பத்தி எழுதவும் செய்தி இல்லை. அவர் அங்கே என்ன பேசினார், யாரோடு பேசினார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவராகவும் சொன்னதில்லை.

அவர் முதலில் ஒரு துணிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1964 மார்ச்சில் இரங்கூன் கடைகள் அரசுடைமையானபோது முதலாளி ஊர் திரும்ப, அப்பா மட்டும் அதே கட்டடத்தில் 'மக்கள் கடை'க் குமாஸ்தாவாகத் தொடர்ந்தார். 1987-இல், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, உயிராக வைத்திருந்த ராலே சைக்கிளைத் திடீரென்று விற்றுவிட்டு நடந்தே வேலைக்குப் போகத் தொடங்கினார். காரணம் கேட்டதற்கு, "நடப்பது உடம்புக்கு நல்லது" என்றார். இத்தகைய மனிதரைப் பற்றி என்ன எழுதுவது? அவரோடு பழகியவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

முதல் பதில் (இரங்கூன்):

தம்பி, அந்தச் சைக்கிள் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். உங்கள் தந்தையார் உயிரோடிருந்தால் இதைச் சொல்ல விட்டிருக்க மாட்டார்.

அந்தக் கடையின் மூலை மேசையைச் சுற்றிக் குட்டை முக்காலிகளில் நாங்கள் பன்னிரண்டு பேர் முறைவைத்து உட்காருவோம். அவருக்கு எப்போதும் 'ச்சா செயின்', அதாவது கடுப்பும் பாலும் கூடிய தேநீர். ஒரு கோப்பையை முடித்துவிட்டு, மேசையில் காசில்லாமல் வைக்கும் வெறுந்தேநீரை ஊற்றி ஊற்றியே மீதி நேரத்தை ஓட்டுவார், கடைப் பையன் முகம் சுளித்தால், "கெண்டியை நீ வைத்தாயா, நான் வைத்தேனா?" என்பார். அதிகம் பேசுகிறவர் அல்லர். மற்றவர் பேசி முடித்ததும் ஒரே ஒரு சொல் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். வீட்டில் நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த மேசையில் ஒரு குலுக்குச் சீட்டு நடந்தது. மாதம் ஆளுக்கு 75 கியாட் (பர்மிய நாணயம்). அப்போது 75 கியாட் தாளே புழக்கத்தில் இருந்ததால் ஆளுக்கு ஒரே ஒரு தாள், மொத்தம் பன்னிரண்டு தாள்கள், 900 கியாட். பணத்தை வாங்கி வைத்திருப்பவர் உங்கள் தந்தையார்; மாதத்தின் முதல் ஞாயிறன்று குலுக்கல். 1987 செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கொடுத்துவிட்டோம். மறுநாள் 25, 35, 75 கியாட் தாள்கள் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. இழப்பீடும் கிடையாது.

ஞாயிறன்று கடைக்கு வந்தவர்கள் யாரும் சீட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஊரே பறிகொடுத்து நிற்கும்போது எங்கள் 900 கியாட் எம்மாத்திரம்? ஆனால் அவர் பெயர்ச் சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கினார். விழுந்தது என் பெயர். மகள் கல்யாணத்துக்கு நான் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன் என்பது மேசையில் எல்லோருக்கும் தெரியும். "எல்லோருக்கும் போனது போகட்டும்" என்று நாங்கள் சொல்லச் சொல்ல, "பணம் என் கையில் இருக்கும்போது செத்தது, ஆகவே செத்தது என் பணம்" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். இரண்டு வாரத்தில் சைக்கிள் விற்ற பணம் வந்தது. மீதியை மாதாமாதம் கொடுத்து மறு ஆண்டுத் தொடக்கத்தில் தீர்த்தார். நான் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன்.

இரண்டாம் பதில் (சென்னை, வியாசர்பாடி):

மேலே எழுதியவரை எனக்குத் தெரியாது. நான் அவருக்கு முந்திய தலைமுறை மேசையைச் சேர்ந்தவன். 1964-இல் கடைகள் போய், மே மாதம் ஐம்பது, நூறு கியாட் தாள்களும் செல்லாமல் போன பிறகு, எங்கள் கூட்டத்தில் ஏழு பேர் அடுத்தடுத்துக் கப்பலேறினோம். அவர் ஏறவில்லை. தாயார் படுக்கையில் இருந்ததைக் காரணமாகச் சொன்னார். அந்த ஊரை விட மனமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

என்னிடம் அவருடைய கடிதங்கள் பத்தொன்பது இருக்கின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும், நலம் விசாரித்த பிறகு, அன்றைக்கு மேசையில் யார் யார் இருந்தார்கள், என் முக்காலியில் யார் உட்கார்ந்தார் என்று மறக்காமல் எழுதியிருப்பார். யார் அந்த நண்பர்கள் என்ற உங்கள் கேள்விக்கு அவர் கையெழுத்திலேயே விடை இருக்கிறது. நகலெடுத்து அனுப்புகிறேன், ஒரு கடிதத்தையாவது அப்படியே அச்சிடுங்கள். அவருடைய 'ழ'கரத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று நேற்றுத்தான் உணர்ந்தேன்.

மூன்றாம் பதில் (மோல்மேன், பர்மா):

எனக்கு அவரைத் தெரியாது. என் தகப்பனாருக்கு இப்படி ஒரு மலர் போட்டவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். ஒன்று, தமிழில் மட்டும் போடாதீர்கள். எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. தேநீர்க்கடைக்காரருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் பர்மியம்தான். பர்மிய நண்பர்கள் அவரைச் சிறு வயதில் 'மவுங்' என்றும், பிறகு 'கோ' என்றும், முதுமையில் 'ஊ' என்றும் அழைத்திருப்பார்கள். அந்த வயதெல்லாம் அவரோடு கூடவே இருந்தவர்கள் வாசிக்க முடியாத மலர் அரை மலர்தான்.

மற்றொன்று, சீட்டுக் கதையை அச்சிட வேண்டாம் என்பது என் எண்ணம். பெற்ற பிள்ளைகளிடமும் மறைத்ததை அவர் பெயரிலேயே ஊருக்குக் கொடுப்பது முறையாகப் படவில்லை. பணம் வாங்கியவருக்கும் குடும்பம் இருக்கிறது.

முதலில் பதிலளித்தவர் (இரங்கூன்):

மோல்மேன் ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனாலும் வாங்கியவன் நான். என் மகளும் பேரன்களும் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். அச்சிடுங்கள் தம்பி.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு முதல் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும் என்று நினைத்து, நடுவில் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் வெற்றிலை மடித்தபடி கேட்டுவிட்டு, "சைக்கிளை விற்கச் சொன்னதே நான்தானே! அவர் என் சங்கிலியைக் கேட்க வந்து, கேட்க மாட்டாமல் இரண்டு நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்" என்றார்.

அம்மா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். பர்மியப் பகுதியைத் தங்கை பார்த்துக்கொள்வாள். சென்னை ஐயா, கடிதங்களைப் புரட்டாசிக்குள் அனுப்பினால் அச்சகத்துக்குக் கொடுக்க வசதியாக இருக்கும்.