மறு: பி.சி.டி.க்கு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

முதன்முறையாக ஸ்கூபா (காற்று உருளையை முதுகில் சுமந்து கடலுக்குள் மூழ்குவது) பழக அந்தமான் கிளம்புகிறவர்களுக்காக அக்கா எழுதிவரும் கையேட்டின் கருவிப் பகுதியை முழுக்கப் படித்தேன். எதை இங்கேயே வாங்கிக்கொண்டு போவது, எதை அங்கே வாடகைக்கு எடுப்பது என்று தமிழில் இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை. ஒரு சொல் மட்டும் உறுத்துகிறது: உருளையைத் தாங்கவும், காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைக் கட்டுப்படுத்தவும் உடம்பில் மாட்டுகிற பி.சி.டி.க்கு (Buoyancy Control Device) வைத்த சொல்.

> பி.சி.டி.க்கு "மிதவைச் சட்டை" என்று வைத்திருக்கிறேன். சின்னச் சொல், பார்த்ததும் புரிகிறது. யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் இதையே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

எனக்கு மறுப்பு இருக்கிறது அக்கா. பார்த்ததும் புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. அந்தமானில் சுற்றுலாப் படகு ஏறும்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டையை மாட்டிவிடுவார்கள். மிதவைச் சட்டை என்றால் யாருக்கும் அதுதான் கண்முன் வரும். நல்ல உயிர்காப்புச் சட்டை, மயங்கியவரின் முகத்தைக்கூட வானம் பார்க்கத் திருப்பி மிதக்கவைக்கும். பி.சி.டி. அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. காற்றுப்பை முதுகுப் பக்கம் மட்டும் இருக்கும் வகையில், நீர்மட்டத்தில் காற்றை நிறைய ஏற்றினால் அது ஆளை முன்பக்கம் சாய்க்கவே பார்க்கும்.

அதைவிட எனக்குக் கவலை, அந்தச் சொல்லைப் படித்தவரின் கை என்ன செய்யும் என்பது. "மிதவை" என்றே படித்துப் பழகியவர், ஆழத்தில் பயம் பிடித்த நொடியில் மேலே போய்விட வேண்டும் என்று காற்றேற்றும் பொத்தானை அழுத்துவார். செய்யவே கூடாத காரியம் அது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 பார், அதாவது நீர்மட்டத்தில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே பைக்குள் விட்ட ஒரு லிட்டர் காற்று, நீர்மட்டம் வந்துசேர்வதற்குள் இரண்டு லிட்டராக விரிந்துவிடும். விரிய விரிய மிதப்பு கூடும், மிதப்பு கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் சீக்கிரம் விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படி எகிறி வருகிறவருக்கு நுரையீரலே கிழியலாம். முறையாக ஏறுவது என்றால், காலால் உதைத்து நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறவேண்டும். பையிலுள்ள காற்றைக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே வரவேண்டும். பெயர் "மித" என்கிறது, பயிற்சியோ "காற்றைத் திறந்துவிடு" என்கிறது. இந்த முரணோடு ஒரு கையேடு அச்சாகக் கூடாது.

அப்படியானால் அந்தக் கருவியின் வேலை என்ன? இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், சொல் இதிலிருந்துதான் பிறக்க வேண்டும். நாம் உடுத்துகிற ரப்பர் உடைக்குள் பொடிப்பொடியாக வாயுக் குமிழ்கள் இருக்கின்றன. மேலே இருக்கும்போது அவை நம்மை மிதக்கவைக்கும். கீழே இறங்க இறங்கக் குமிழ்கள் நசுங்கி, உடை மெலிந்து, ஆள் அமிழத் தொடங்குவார். அந்தக் குறையை ஈடுகட்ட பையில் கொஞ்சம் காற்று விடவேண்டும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முதுகில் இருக்கும் உருளை நேரம் ஆக ஆக லேசாகிறது. வாடகைக்குத் தருகிற வழக்கமான அலுமினிய உருளை 11 லிட்டர் கொள்ளும். அதில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிய காற்றின் எடை ஏறத்தாழ 2.5 கிலோ. அதில் பெரும்பகுதியை மூச்சாக இழுத்து வெளியே விட்டுவிடுகிறோம். தொடக்கத்தில் கனமாக இருந்த அதே உருளை, முடிவில் நம்மை மேலே இழுக்கும். முதல் மாற்றத்துக்குக் காற்றை ஏற்றுகிறோம், இரண்டாவதுக்கு இறக்குகிறோம். எல்லாமே மிதக்காமல், அமிழாமல், நடுநீரில் அசையாமல் நிற்பதற்காக.

முத்துக்குளித்த நம் முன்னோரிடம் இதற்குச் சொல் இருக்குமா என்று தேடிப் பார்த்தேன். குளியாள், குளிகாரர், சங்கு குளித்தல் எல்லாம் அருமையான சொற்கள். ஆனால் அவர்கள் கல்லோடு இறங்கினார்கள், சிப்பியைச் சேர்த்தார்கள், மூச்சு முட்டுவதற்குள் கயிற்றைப் பிடித்து ஏறினார்கள். நடுநீரில் நிற்கிற தேவை அந்தத் தொழிலில் வரவில்லை. 1943இல் பிரான்சில் குஸ்தோவும் காஞானும், மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றுத் தருகிற ரெகுலேட்டரைச் செய்தபின், அழுத்தக் காற்றை முதுகில் சுமந்தபடி நினைத்த ஆழத்தில் நின்று நிதானமாக வேடிக்கை பார்ப்பது பலருக்கும் கைகூடியது. ஆகவே சொல்லை நாம்தான் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இதுவரை மடல்களில் வந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

> மிதப்புக் கட்டுப்பாட்டுச் சாதனம் என்பதே துல்லியம்.

துல்லியம்தான் ஐயா, பாடநூலில் விளக்கமாக வரலாம். ஆடுகிற படகில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் குதித்திருப்பார். அந்தமான் படகுகளில் தமிழ் பேசுகிற பையன்கள் நிறைய. "ஜாக்கெட்ல காத்து ஏத்துங்க", "ஜாக்கெட்டக் காலி பண்ணுங்க" என்றுதான் அவர்கள் சொல்வது. நம் சொல் இந்த இரண்டு வாக்கியத்திலும் இடறாமல் உட்கார வேண்டும். "ஜாக்கெட்" என்றே விட்டுவிடலாமே என்றால், நம் ஊரில் அது ரவிக்கை. கையேட்டில் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் எழுத வேண்டிவரும்.

> அந்தரத்தில் நிற்பதுதானே? "அந்தரச்சட்டை" என்றால் என்ன?

இதைப் படித்ததும் மகிழ்ந்துபோனேன். மேலேயும் ஒட்டாமல் கீழேயும் ஒட்டாமல் தொங்குவதற்கு இதைவிட நல்ல தமிழ் இல்லை. ஆனால் திருகோணமலை அண்ணன் எழுதியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஈழத்தில் அந்தரம் என்றால் பதற்றம், அவசரம், தவிப்பு. பதறாமல் இருக்கக் கற்றுக்கொள்வதே பாதிப் பயிற்சி என்றிருக்கிற இடத்தில், தவிப்பின் பெயரை மார்பில் மாட்டிவிட முடியாது. திருகோணமலைக்குப் பக்கத்தில் புறாத்தீவுப் பவளப்பாறை பார்க்கப் போகிறவரும் இதே கையேட்டைத்தான் படிப்பார்.

நான் முன்வைப்பது: சமன்சட்டை. மிதக்காமலும் அமிழாமலும் நிற்கும் நிலைக்கு "சமமிதப்பு". அதைத் தருகிற சட்டை, சமன்சட்டை. "சமன்சட்டைல காத்து ஏத்துங்க", "சமன்சட்டையக் காலி பண்ணுங்க": வாயில் வருகிறது. ஏற்றுவது, இறக்குவது இரண்டையும் ஒருசேரத் தாங்குகிறது. யாரையும் மேலே போகச் சொல்லவில்லை.

ஒரு மோதல் வரும், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதிக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்வதை அக்கா "காது சமன்" என்று எழுதியிருக்கிறார். மலையேறும் பேருந்திலேயே நாம் "காது அடைக்குது" என்கிறோம். "காதடைப்பு எடுத்தல்" என்று மாற்றினால் யாருக்கும் விளக்கவே வேண்டாம், சமன் என்ற சொல்லும் மிதப்புக்கே மிஞ்சும்.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ரெகுலேட்டரை அப்படியே விடுங்கள். சமையல் எரிவாயு உருளை இருக்கிற வீடெல்லாம் அறிந்த சொல், அழுத்தத்தைக் குறைத்துத் தருகிற வேலையும் அதேதான். ஃபின்னுக்கு "கால்துடுப்பு" நன்றாக இருக்கிறது. வெட்சூட்டுக்கு "ஈர உடை" வேண்டாம், குளித்துவிட்டு மாற்றாத துணிபோல் ஒலிக்கிறது. "ரப்பர் உடை" போதும். மாஸ்க்குக்கு "முகக்கவசம்" என்று இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல் வேறு பொருளுக்குப் போய்விட்டது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கண்ணாடி மாட்டித்தான் மூழ்குகிறார்கள். நாமும் "மூழ்குகண்ணாடி" என்போம். ஆனால் மூக்கையும் சேர்த்து மூடுவதே ஸ்கூபாவுக்கு ஆகும் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். நீச்சல் கண்ணாடியில் மூக்கு வெளியே இருப்பதால், உள்ளே காற்று விட்டு அழுத்தத்தைச் சரிசெய்ய வழியில்லை. அது கண்ணைக் கவ்விப் பிடித்துவிடும்.

ஊரிலேயே வாங்க வேண்டிய முதல் பொருளும் அந்தக் கண்ணாடிதான் என்று அக்கா எழுதியிருப்பதை வழிமொழிகிறேன். முகம் ஆளுக்கு ஆள் வேறு. வாரை மாட்டாமல் முகத்தில் பொருத்தி, மூக்கால் லேசாக உறிஞ்சிக் கையை எடுத்தால் விழாமல் நிற்க வேண்டும். மீசை அடர்ந்தவர்களுக்கு மூக்குக்குக் கீழே கசியும், கடையிலேயே நேரம் எடுத்துப் பாருங்கள். கிட்டப்பார்வைக்காரர்கள் பவர் கண்ணாடி பொருத்தக்கூடிய மாடலாக வாங்கினால் அந்தமானின் மீன்களை அடையாளம் காணலாம். கால்துடுப்பு இரண்டாவது. சமன்சட்டையும் ரெகுலேட்டரும் முதல் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம். உள்நாட்டு விமானத்தில் பொதுவாகக் கிடைப்பது 15 கிலோ. சமன்சட்டை மட்டுமே 3, 4 கிலோ இழுக்கும்.

வாடகைக்கு எடுப்பதால் கண்ணைமூடி எடுக்கலாம் என்றில்லை. கையேட்டில் இந்த இடத்தில் இரண்டு பத்தி கூடினாலும் பரவாயில்லை அக்கா. சட்டையை வாங்கியதும் காற்றை முழுக்க ஏற்றிவைத்துவிட்டுச் சில நிமிடம் வேறு வேலை பார்க்கட்டும். திரும்பி வரும்போது தொய்ந்திருந்தால் வேறு சட்டை கேட்கட்டும். காற்றேற்றும் பொத்தானை அழுத்திவிட்டு விரலை எடுத்ததும் அது துள்ளித் திரும்ப வேண்டும். உப்புப் படிந்த பொத்தான் பாதியில் சிக்கிக்கொண்டு, விரலை எடுத்த பிறகும் "ஸ்ஸ்ஸ்" என்று காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். கடலுக்கடியில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். தோளிலும் இடுப்பிலும் தொங்கும் காற்றுத்திறப்புக் கயிறுகள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். உருளையை இறுக்கும் பட்டையை நனைத்துவிட்டு இறுக்கச் சொல்லுங்கள். காய்ந்த பட்டை தண்ணீரில் தளர்ந்து, உருளை நழுவ இடமுண்டு. அளவு பார்க்கும்போது காற்றை ஏற்றியும் பார்க்க வேண்டும். விலாவை நெருக்கி மூச்சு முட்டினால் சட்டை சிறியது, அக்குளில் பிடித்துத் தூக்கும்போது காதுவரை ஏறினால் பெரியது.

மறுமொழிகளுக்குக் காத்திருக்கிறேன்.
– சென்னையிலிருந்து

———

தம்பிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

அந்தரத்தைக் கைவிட்டதுக்கு நன்றி. எங்கட பக்கம் "அந்தரப்படாதேங்கோ" எண்டு சொல்லித்தான் ஆக்களைத் தண்ணிக்குள்ள இறக்கிறது. சமன்சட்டை எனக்குச் சம்மதம். ஆனால் ஒரு கேள்வி. முதுகில ஒரு உலோகத் தகடு, அதுக்குப் பின்னால இறக்கை மாதிரிக் காற்றுப்பை, முன்னால வெறும் வார் மட்டும் எண்டு ஒரு வகை இருக்கு. ஆழ்முக்குளிப்புச் செய்யிற ஆக்கள் அதைத்தான் கட்டுவினம். அதில சட்டையே இல்லை. அதுக்கு என்ன பேர்?

– திருகோணமலையிலிருந்து

———

அண்ணா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். தேவைப்படுவது சட்டைக்கான பெயர் மட்டுமில்லை, பைக்கான பெயரும்தான்.

காற்றுப்பைக்கு "சமன்பை" என்று வைத்துவிடுவோம். தைத்த சட்டைக்குள் சமன்பை இருந்தால் சமன்சட்டை. தகட்டில் பூட்டிய இறக்கை வகை என்றால் "இறக்கைச் சமன்பை". பொத்தான் இருக்கிற நெளிகுழாய்க்கு "சமன்குழாய்". கையேடு தொடக்கநிலையாளருக்கு என்பதால் அதில் சமன்சட்டையும் சமன்குழாயும் வந்தால் போதும். மற்றவை நம் சொற்பட்டியலில் இருக்கட்டும்.

அக்கா, நீங்கள் ஒத்துக்கொண்டால் கருவிப் பகுதியில் இப்படிப் போடலாம்:

"சமன்சட்டை: முதுகில் உருளையைத் தாங்கி, காற்றை ஏற்றியும் இறக்கியும் உங்களை நடுநீரில் நிறுத்தும் சட்டை. இது உயிர்காப்புச் சட்டை அன்று. மேலே வருவதற்கு இதில் காற்றை ஏற்றாதீர்கள். மேலே வரும்போது காற்றை இறக்குங்கள்."

———

> ஒத்துக்கொள்கிறேன். "காதடைப்பு எடுத்தல்" உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். உருளைப் பட்டையை நனைப்பதற்கு ஒரு படமும் சேர்க்கிறேன். கடைசி முக்குளிப்புக்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரம் விடச் சொல்லும் பத்தியை முதல் பக்கத்துக்கு நகர்த்தியிருக்கிறேன், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அதைப் படிக்க வேண்டும் என்பதற்காக. திருத்திய படி நாளை மடலில் வரும்.