கமெண்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள பதில்: யார் கிளப்பிவிட்ட கதை இது?

அல்சூர்வாசி
காபித்தூள், செக்கு எண்ணெய், இட்லி மாவு விக்கிற சின்ன பிராண்டுகள் இன்ஸ்டாகிராம்ல கம்யூனிட்டி வளர்க்கறது எப்படின்னு நேத்து பிராண்ட்பாண்டி நீளமா எழுதியிருந்தார். பாதி சரி. நடுவுல ஒரு வரிதான் தொண்டையில முள்ளா நிக்குது: "போஸ்ட் போட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லா கமெண்டுக்கும் பதில் போட்டுடணும், இல்லன்னா அல்காரிதம் போஸ்டைப் புதைச்சுடும்."

எந்த அல்காரிதம்? யாருக்கு எந்தப் போஸ்டைக் காட்டறதுன்னு முடிவு பண்ற கணக்குதானே அது? இன்ஸ்டாகிராம் நேர வரிசையை விட்டு நகர ஆரம்பிச்சதே 2016ல. அதோட தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில முக்கியம்னு சொன்னது மூணு விஷயம். எவ்வளவு நேரம் பாக்கறாங்க, பாத்தவங்கள்ல எத்தனை பேர் லைக் போடறாங்க, எத்தனை பேர் அடுத்தவங்களுக்கு அனுப்பறாங்க. கடைக்காரர் எத்தனையாவது நிமிஷத்துல பதில் போட்டார்ங்கறது இதுல எங்க இருக்கு?

இந்த வரியை நம்பி பெங்களூர்ல எத்தனையோ பிராண்டுங்க அரை நிமிஷத்துல "நன்றிங்க 🙏" ஒட்டிட்டு உக்காந்திருக்காங்க.

பிராண்ட்பாண்டி
பாதி சரின்னு ஒத்துக்கிட்டதுக்கே சந்தோஷம் சார். மொசேரி சொன்னது முக்கியமான மூணு. அது மட்டும்தான்னு அவர் சொல்லல. கமெண்ட் வந்தா பதில் போடு, பதிலுக்கு அவங்க திரும்பி வருவாங்க, திரும்பி வந்தா இன்னும் கொஞ்ச நேரம் பாப்பாங்க. ஆள் ஆன்லைன்ல இருக்கும்போதே பிடிக்கணும். அதுக்குத்தான் ஒரு மணி நேரம். பக்கம் நடத்தறவங்களுக்கு இது தெரியும்.

அல்சூர்வாசி
"ஆள் இருக்கும்போது பிடி"ங்கறது வேற, "அல்காரிதம் புதைச்சுடும்"ங்கறது வேற. நீங்க எழுதினது ரெண்டாவது. மாத்திப் பேசாதீங்க.

டிரையல் ரீல்ஸ்னு 2024 டிசம்பர்ல வந்ததே, பாத்தீங்களா? ஃபாலோ பண்ணாதவங்களுக்கு மட்டும் முதல்ல காட்டி, 72 மணி நேரம் வரைக்கும் பாத்து, நல்லா ஓடினா ஃபாலோயர்களுக்கும் தானா அனுப்பற வசதி. ஒரு மணி நேரத்துல தலையெழுத்து முடிஞ்சுடும்னா அவங்க எதுக்கு மூணு நாள் காத்திருக்கணும்?

பிராண்ட்பாண்டி
டிரையல் ரீல் எல்லா கணக்குக்கும் வராது. அது ஃபாலோ பண்ணாதவங்களுக்கான சோதனை. நான் பேசறது இருக்கற ஃபாலோயர்களைப் பத்தி. ஒரு மணி நேரம் முக்கியம். திரும்பவும் சொல்றேன், முக்கியம்.

சுக்குகாப்பி
ஒரு சின்ன சந்தேகம். கம்யூனிட்டின்னு நீங்க ரெண்டு பேரும் யாரைச் சொல்றீங்க? ஃபாலோயரையா, வாங்கறவங்களையா, தங்களுக்குள்ள பேசிக்கறவங்களையா? அது தெரிஞ்சாத்தானே நேரத்தைப் பத்திப் பேச முடியும்?

அல்சூர்வாசி
@பிராண்ட்பாண்டி ஃபாலோயர்னே வெச்சுக்குவோம். ஒரு காபித்தூள் பக்கத்துல இப்படி ஒரு கமெண்ட் வருது: "டிகாக்‌ஷன் இறங்கவே மாட்டேங்குது. ராத்திரி போட்டா காலையில பாதி மேலயே நிக்குது."

உங்க முறைப்படி அஞ்சு நிமிஷத்துல "டிஎம் பண்ணுங்க மேம்"னு போடுவீங்க. கதை முடிஞ்சுது. பேச்சு உள்பெட்டிக்குள்ள போயிடுச்சு, வேற யாருக்கும் எதுவும் தெரியாது.

அதையே ரெண்டு மூணு மணி நேரம் தொடாம விட்டுப் பாருங்க. ஒருத்தர் வருவார்: "தூளை ரொம்ப அமுக்கிட்டீங்க." இன்னொருத்தர்: "சிக்கரி ஜாஸ்தியா இருந்தா ஊறி அடைச்சுக்கும், 80க்கு 20 வாங்குங்க." ஒரு பாட்டி வருவாங்க: "மேல் பாத்திரத்தை அடுப்புத் தணல்ல காட்டு, ஓட்டையில படிஞ்சது எரிஞ்சுடும். இல்லன்னா குண்டூசியால குத்து." அப்புறம் சாயங்காலம் பிராண்டு உள்ள வரணும். "எங்க தூள் நைஸ் அரைப்பு, உங்க ஃபில்டர் ஓட்டை சின்னதா இருந்தா அடுத்த தடவை கொஞ்சம் கரகரப்பா கேளுங்க, தண்ணி தளதளன்னு கொதிச்சதும் ஊத்துங்க"ன்னு பதில். பாட்டியோட கமெண்டை மேல பின் பண்ணணும், மூணு வரைக்கும் பின் பண்ணலாம். அடுத்த ரீல் அந்தக் குண்டூசியைப் பத்தி, பாட்டி பேரை டேக் பண்ணி. ஃபில்டர் வெச்சிருக்கற மருமக, நாத்தனார், ரூம்மேட்டுன்னு அதைத்தான் அனுப்புவாங்க. "நன்றிங்க 🙏"வை யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டாங்க.

கடைக்காரர் முந்திக்கிட்டா மத்தவங்க வாயை மூடிக்குவாங்க. ஒரு மணி நேர விதி கெடுக்கறது இதைத்தான்.

மல்லிகைக்கொடி
அண்ணே, காபிக் கதை சரி. ஆனா "பாக்கெட் கிழிஞ்சு வந்திருக்கு", "பணம் போயிடுச்சு, ஆர்டர் காட்டல" மாதிரி கமெண்டை மூணு மணி நேரம் விட முடியாது. அதுக்குள்ள கீழ "எனக்கும்", "எனக்கும்"னு பத்து பேர் சேர்ந்துடுவாங்க. புகாருக்கு உடனே, பேருக்கும் ஆர்டர் நம்பருக்கும் மட்டும் உள்பெட்டி. சரி பண்ணினதும் திரும்ப வெளியில வந்து "மாத்தி அனுப்பியாச்சு"ன்னு எழுதணும். நிறைய பேர் இந்தக் கடைசி வேலையை விட்டுடறாங்க. பாக்கறவங்க கண்ணுக்குப் புகார் மட்டும்தான் நிக்கும்.

"விலை கமெண்ட் பண்ணுங்க, டிஎம் வரும்"னு தானா செய்தி அனுப்பற ஆட்டோமேஷன் போடறவங்களுக்கும் நேரக் கணக்கு உண்டு. ஒரு கமெண்டுக்கு ஒரே ஒரு தனிச்செய்தி, அதுவும் 7 நாளுக்குள்ள. அவங்க பதில் எழுதினா அதுலேர்ந்து 24 மணி நேரம் பேசலாம். அப்புறம் ஆட்டோமேஷனுக்குக் கதவு சாத்திடும்.

பிராண்ட்பாண்டி
பாத்தீங்களா, அவங்களே நேரம் முக்கியம்னு சொல்றாங்க. ஒரு மணி நேரம்னு நான் சொன்னா மட்டும் குத்தமா?

அல்சூர்வாசி
மல்லிகைக்கொடி சொன்னது செய்தி அனுப்பற விதி. போஸ்டை எத்தனை பேருக்குக் காட்டறாங்கங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க தோள்ல ஏறிக்கிட்டு ஜெயிக்கப் பாக்காதீங்க.

விலையை உள்பெட்டியில சொல்றதே தப்பு, அதையும் சேத்துச் சொல்லிடறேன். 250 கிராம் என்ன விலைன்னு கேட்டா அங்கயே எழுதுங்க. சிக்கரி எத்தனை சதவீதம்னு பாக்கெட் மேல போட்டுத்தான் ஆகணும், சட்டம். அதையும் போஸ்டோட எழுதற கேப்ஷன்லயே போடுங்க. மறைச்சு வெக்கற கடையில கூட்டம் நிக்காது.

பிராண்ட்பாண்டி
தோள்ல ஏறற பழக்கம் எனக்கில்ல சார். போன மாசம் ஹேஷ்டேக் திரியிலயும் இப்படித்தான் ஒத்த வரியைப் பிடிச்சுத் தொங்கினீங்க.

அல்சூர்வாசி
தொங்காம? ஹேஷ்டேகா போட்டு ரொப்புங்கன்னு எழுதினீங்க. 3லேர்ந்து 5 போதும்னு இன்ஸ்டாகிராமே 2021ல சொன்னது. அந்தத் திரியிலயும் பதில் வரல, இதுலயும் வரல. அதுக்கு முந்தி "மூணு நண்பர்களை டேக் பண்ணுங்க, ஒரு கிலோ தூள் பரிசு"ன்னு ஒரு யோசனை. பரிசுக்கு வர்றவன் குலுக்கல் முடிஞ்சதும் அன்ஃபாலோ. போகாம தங்கறவனும் காபிப் போஸ்டை நிமிர்ந்து பாக்க மாட்டான். அப்புறம் ரீச், அதாவது போஸ்ட் போய்ச் சேர்ற ஆள் கணக்கு, விழுதுன்னு அழுதா?

பழையபேட்டை
எதுக்கு இந்த வம்பு. இன்ஸ்டாவை மூடிட்டு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிங்க. ஜெயநகர், ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்ட்காரங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. கமெண்டும் வேண்டாம், மணி நேரமும் வேண்டாம்.

மல்லிகைக்கொடி
குரூப்ல 1,024 பேர்தான் அடங்குவாங்க, எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். போட்டிக் கடைக்காரன் ஒருத்தன் உள்ள வந்தா போதும், அன்னிக்கு ராத்திரியே எல்லாருக்கும் தனித்தனியா விலைப்பட்டியல் போயிடும். வாட்ஸ்அப்லயே கம்யூனிட்டின்னு இருக்கற வசதியில அறிவிப்பு குரூப் வெச்சா உறுப்பினர்களுக்குள்ள நம்பர் தெரியாது. சேனல்னா ஆள் கணக்கு கிடையாது, ஆனா வாசகர் எழுத முடியாது, எமோஜியும் வாக்கெடுப்பும்தான். வறுத்த தேதி சொல்ல சேனல், ஆர்டருக்கு பிசினஸ் கணக்கு. பேச்சுக்கு இன்ஸ்டா கமெண்ட்தான் வழி.

பழையபேட்டை
அட்மின் மட்டும் எழுதலாம்னு செட்டிங் இருக்கே மேடம், தெரியாதா?

மல்லிகைக்கொடி
தெரியும் சார். அதைப் போட்டாலும் நம்பர் மறையாது. முந்தின பதிலைப் படிச்சுட்டு எழுதுங்க.

நாலாம்பிளாக்
பெங்களூர்ல கடை வெச்சுட்டுத் தமிழ்ல மட்டும் பக்கம் நடத்தினா யார் வருவாங்க? 60 சதவீதம் கன்னடம் இருக்கணும்னு 2024ல சட்டமே வந்தாச்சு.

அல்சூர்வாசி
அது பெயர்ப்பலகைக்கு. இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு இல்ல.

நாலாம்பிளாக்
சட்டத்தை விடுங்க, மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரரும் காபி குடிக்கறவர்தானே?

அல்சூர்வாசி
கன்னடம் வேண்டாம்னு யார் சொன்னா? எங்க போடறதுங்கறதுதான் கேள்வி. கேப்ஷன் ரெண்டு வரிக்கு மேல மடிஞ்சுடும். மூணு மொழியை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கினா மூணாவது யார் கண்ணுலயும் படாது. தள்ளித் தள்ளிப் பாக்கற கேரசல் போஸ்ட்ல இப்ப 20 பக்கம் வரைக்கும் போகுது. தமிழுக்கு அஞ்சு, கன்னடத்துக்கு அஞ்சு, தனித்தனியா எழுதினதா இருக்கணும். மெஷின்ல மாத்தின கன்னடத்தைப் போட்டா முதல் கமெண்ட்லயே மானம் போயிடும்.

பிராண்ட்பாண்டி
அந்த முதல் கமெண்டுக்கு எப்ப பதில் போடுவீங்க சார், மூணு மணி நேரம் கழிச்சா?

அல்சூர்வாசி
கன்னடம் தெரிஞ்ச ஆள் படிச்சுப் பாத்துத் திருத்தினதும். அது பத்து நிமிஷமா இருந்தாலும் சரி, மறுநாளா இருந்தாலும் சரி. புதைச்சுடும்ங்கற வரிக்கு ஆதாரம் கேட்டேன், இன்னும் தரல.

பிராண்ட்பாண்டி
ஆதாரம் என்னோட கிளையன்ட் பக்கங்கள்ல இருக்கு. அதையெல்லாம் இங்க கொட்ட முடியாது.

நாலாம்பிளாக்
அஞ்சு தமிழ், அஞ்சு கன்னடம் சரி. எது முதல்ல வரும்? அதைச் சொல்லுங்க முதல்ல.