கொழும்பின் ‘கொ’ ஊர்கள் எல்லாம் ஒரே வேரா?

சுவர்ப்பத்திரிகை:
கொழும்பு, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, கொஹுவல, கொஸ்வத்த. பஸ் பலகைகளில் இத்தனை ‘கொ’. பாடசாலைத் தமிழ்மன்றச் சுவரில் இதை ஒரு பக்கமாகப் போட இருக்கிறோம். எல்லாமே ‘கொள்’ என்ற வினையடியில் பிறந்தவை என்று வட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பிள்ளைகளும் அதையே எழுதி வந்திருக்கிறார்கள். நம்பலாமா? எப்படிச் சரிபார்ப்பது?

தோம்புக்காரன்:
நம்பாதீங்க டீச்சர். தலையை விட்டுவிட்டு வாலைப் பிடியுங்கள். முதலில் ஊரின் சிங்கள வடிவத்தை எடுங்கள். அதன் கடைசியில் அநேகமாக நிலத்தின் வகை இருக்கும்: வத்த என்றால் தோட்டம், பிட்டிய திறந்த வெளி, கம கிராமம், வல குழி, ஹேன சேனை நிலம். அதைக் கழற்றிவிட்டு மிச்சத்தைச் சிங்கள அகராதியில் தேடுங்கள். கொஸ் என்றால் பலா, ஆகவே கொஸ்வத்த பலாத்தோட்டம். கொஹு என்றால் தும்பு. கொஹுவல மட்டை ஊறப்போட்ட குழி. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கொட்டாஞ்சேனையில் வருவது காடு வெட்டிச் சுட்டுப் பயிர் செய்யும் சேனை. படை என்றோ கிழங்கு என்றோ பிள்ளைகள் எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள். முன்பாதிக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், அதைச் சுவரில் ஏற்றாமல் விடுவதே நல்லது.

வட்ஸப் செய்தி கொள்ளுப்பிட்டியில்தான் தொடங்கியிருக்க வேண்டும். கொள்ளுத் தானியத்துக்குச் சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். கொள்ளையிட்ட நிலம் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டையும் போட்டு ‘என்பர்’ என்று முடியுங்கள். பிட்டு அவிக்கிற பிட்டிக்கு இங்கே வேலையில்லை.

நெடில்குறில்:
தோம்புக்காரன் அண்ணை சொன்ன முறை கப்பலில் வந்த பெயர்களுக்குச் சரிவராது. கொச்சிக்கடையின் கொச்சி, கேரளத்துக் கொச்சி. நம்முடைய கொச்சிக்காயும், அதாவது மிளகாயும், அந்தத் துறைமுகத்தின் பெயரைத்தான் சுமக்கிறது. ஆனால் கோச்சி, அதாவது ரயில், ஆங்கிலக் ‘கோச்’ வழியாக வந்தது. ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பானால் ஊரே மாறிவிடும்! பழைய ஏடு பார்ப்பவர்கள் இதில்தான் சறுக்குவார்கள். ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைப்பது தொல்காப்பிய விதி, ஆனால் ஓலையில் பெரும்பாலும் புள்ளி குத்துவதில்லை. அதனால் கொ, கோ இரண்டும் ஒரே மாதிரி நிற்கும். இன்றைய வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். ஆகவே அதற்கு முந்தைய எழுத்தை வைத்துக் குறில் நெடில் வாதாட முடியாது.

கொம்பனித்தெரு மாட்டுக் கொம்பு அல்ல, வணிகக் கொம்பனி. சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய. தமிழ்நாட்டில் இதே சொல்தான் ‘கும்பினி’ ஆனது. அங்கே முதலெழுத்து வேறு, சொல் ஒன்று. உங்கள் பட்டியலில் தலைகீழ்.

சுவர்ப்பத்திரிகை:
மிக்க நன்றி. கொழும்பை மட்டும் யாரும் தொடவில்லையே? ஒரு பிள்ளை ‘கொலம்பஸ்’ என்று எழுதியிருக்கிறான்.

தோம்புக்காரன்:
அதை ஆண்டை வைத்தே அடிக்கலாம். மொரோக்கோப் பயணி இபின் பதூதா 1344இல் இங்கே வந்து ‘கலன்பு’ என்று எழுதிவிட்டார். கொலம்பஸ் பிறக்க இன்னும் நூறு வருசம் இருக்கிறது. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் சொன்னது: காய்க்காமல் இலை மட்டும் விட்ட மாமரம், ‘கொள’ இலை, ‘அம்ப’ மா. கேட்க அழகுதான், ஆனால் பெயருக்குப் பின்னால் கட்டிய கதை மாதிரி எனக்குப் படுகிறது. களனி ஆற்றுத் துறையோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. சிங்களம் கொளம்ப, நாமும் பேசும்போது ளகரம்தான். எழுத்தில் ழகரம் இருப்பதால் கொழுந்து, கொழுமை என்று போகாதீர்கள்.

நெடில்குறில்:
கோட்டையையும் பக்கத்தில் போடுங்கள். சிங்களத்தில் கொட்டுவ வேறு, கோட்டே வேறு. தமிழில் இரண்டையும் கோட்டை என்கிறோம். கொட்டுவ துறைமுகத்துக்குப் பக்கத்துக் கோட்டை, கோட்டே பாராளுமன்றம் இருக்கிற ஸ்ரீ ஜயவர்தனபுர. வரைபடத்தில் இரண்டையும் வேறு வேறு நிறத்தில் காட்டுங்கள், இல்லாவிட்டால் பாராளுமன்றத்தைக் கொண்டுபோய்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.