முதல் பிரைம் லென்ஸ்: கிராப் கேமராவுக்கு 50-ஆ, 24-ஆ?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் கேனான் 200டி மார்க் 2, அதோடு வந்த 18-55 ஜூம் லென்ஸ் (கிட் லென்ஸ்) இருக்கின்றன. மகளுக்கு ஒன்றரை வயது. நடக்க ஆரம்பித்ததிலிருந்து ஓரிடத்தில் நிற்பதே இல்லை. நான் வேலை முடிந்து வீடு வர ஏழு மணி ஆகிவிடும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் கை கால் எல்லாம் இழுத்துக்கொண்டு வருகிறது, இல்லையென்றால் கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை ஏற்றும் ஐஎஸ்ஓ 6400-க்குப் போய் முகமெல்லாம் புள்ளி. ஞாயிறு காலையில் மதுரை மாசி வீதிகளில் நடந்து படம் எடுக்கும் பழக்கமும் உண்டு.

ஜூம் ஆகாத பிரைம் லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். என் பட்ஜெட்டில் அடங்குபவை இரண்டு: 50 எம்எம் எஃப் 1.8, 24 எம்எம் எஃப் 2.8. எம்எம் குறைந்தால் அதிக இடம் அடங்கும், எஃப் எண் குறைந்தால் அதிக வெளிச்சம் வரும் என்பது வரை தெரியும். ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

பழைய ஃபிலிம்ரோல்

50. யோசிக்கவே வேண்டாம்.

நான் ஃபிலிம் காலத்து ஆள். அப்போது எஸ்எல்ஆர் வாங்கினால் கூடவே 50தான் வரும். பத்து வருடம் வேறு லென்ஸே இல்லாமல் அந்த ஒன்றில்தான் கற்றுக்கொண்டேன். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசான் வாழ்நாளில் பெரும்பகுதி லைக்கா ஃபிலிம் கேமராவில் 50-ஐ வைத்துத்தான் எடுத்தார். கண் பார்ப்பதை அப்படியே தரும் லென்ஸ் அது. எஃப் 1.8 இருந்தால் ட்யூப்லைட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. குழந்தையின் முகம் அழகாக வரும், பின்னால் இருக்கும் கொடித்துணியும் சாமான்களும் மங்கிப்போகும்.

ஒளிவாசல்

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் தம்பி வைத்திருப்பது கிராப் கேமரா. அதன் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது, அதனால் அதே லென்ஸில் குறைவான இடம்தான் அடங்கும். அதில் 50 போட்டால் ஃபிலிமில் 80 போட்ட கணக்கு. கார்த்தியே-பிரெசானின் 50 பார்த்த அளவுக்கு இதில் பார்க்க வேண்டுமென்றால் 31 எம்எம் வேண்டும். அவர் பெயரைச் சொல்லி கிராப் கேமராவுக்கு 50 வாங்கச் சொல்வது சரியில்லை. உங்கள் வாதத்தின்படி பார்த்தால் அவருக்கு 24தான் கிட்டத்தில் வருகிறது, ஃபிலிம் கணக்கில் 38.

அடுத்தது வீடு. தம்பி, உங்கள் ஹால் எத்தனை அடி? நம் ஊர் வாடகை வீடுகளில் பெரும்பாலும் பத்துக்குப் பத்து, மிஞ்சினால் பத்துக்குப் பன்னிரண்டு. நிற்கும் ஒரு பெரியவரைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க உங்கள் கேமராவில் 50-க்குப் பதினான்கு அடி தள்ளி நிற்க வேண்டும். 24-க்கு ஏழடி போதும். பதினான்கு அடிக்கு நீங்கள் வாசலைத் தாண்டித் தெருவில்தான் நிற்க வேண்டும். பாட்டி மடியில் குழந்தை, பக்கத்தில் அம்மா என்று ஒரு படம் 50-ல் அந்த ஹாலுக்குள் கிடைக்காது.

காசிமேடு காலை

ஒளிவாசல் சொன்ன கிராப் கணக்கு சரி. ஆனால் 24 எம்எம் எஃப் 2.8 எனக்கும் திருப்தி இல்லை. நான் நிக்கான் கிராப் கேமராவில் 35 எஃப் 1.8 வைத்திருக்கிறேன், 2009-ல் வந்த லென்ஸ். விடிவதற்கு முன் சென்னை காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது பல்பு வெளிச்சத்தில் அதில்தான் எடுக்கிறேன். கூடையைச் சுற்றி நிற்கும் கூட்டமும் வரும், ஒரு முகத்தைத் தனியாகவும் எடுக்கலாம். கேனானுக்கு யோங்நுவோ 35 எஃப் 2 என்று ஒன்று உண்டு, விலையும் குறைவு. ஃபோக்கஸ் மோட்டார் சத்தம் போடும், வீடியோவுக்கு ஆகாது. மற்றபடி அதையும் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இதுவரை எடுத்த படங்களை லைட்ரூம் மென்பொருளில் திறந்து, எந்த எம்எம்மில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் லென்ஸ் எது என்று உங்கள் படங்களே சொல்லும்.

பழைய ஃபிலிம்ரோல்

அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கிட் லென்ஸ் வைத்திருக்கும் யாருடைய படத்தை எண்ணினாலும் 18-லும் 55-லும்தான் குவிந்து கிடக்கும். இடம் போதாவிட்டால் வளையத்தை இந்த முனை வரை திருப்புகிறோம், ஆள் தூரத்தில் இருந்தால் அந்த முனை வரை. அதில் விருப்பம் எங்கே இருக்கிறது? வளையம் எங்கே முட்டி நிற்கிறது என்பதுதான் தெரியும்.

கிராப் விஷயத்தில் ஒளிவாசல் சொன்னதை ஏற்கிறேன். கார்த்தியே-பிரெசானை இழுத்தது என் தவறுதான். ஆனாலும் 50 என்ற முடிவை மாற்றவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். 24 எம்எம் இவருடைய கிட் லென்ஸுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே எஃப் 4 அல்லது 4.5 வரை திறக்கும். 2.8-க்குப் போனால் கிடைப்பது இரண்டு, இரண்டரை மடங்கு வெளிச்சம். 55 முனையில் அதே லென்ஸ் எஃப் 5.6. அங்கிருந்து 1.8-க்குப் போனால் கிட்டத்தட்ட பத்து மடங்கு! 6400-ல் எடுத்த படத்தை 640-ல் எடுக்கலாம். கையில் இருக்கும் லென்ஸால் செய்யவே முடியாத ஒன்றைச் செய்யத்தானே பணம் போட்டு இன்னொன்று வாங்குகிறோம்?

ஒளிவாசல்

அண்ணா, இது நல்ல வாதம். கல்யாண வேலைக்கு நானும் 50 கொண்டு போகிறேன், அது தரும் வெளிச்சத்தின் அருமை தெரியும். ஆனால் அந்தப் பத்து மடங்கை இந்தக் குழந்தையிடம் முழுதாகச் செலவழிக்க முடியாது. ஐந்தடி தூரத்தில் 50-ஐ 1.8-ல் திறந்து வைத்தால் ஃபோக்கஸ் நிற்கும் ஆழம் மொத்தம் ஆறு சென்டிமீட்டர்தான். பெரியவர் முகம் என்றால் மூக்கு நுனியிலிருந்து காது வரைகூட எட்டாது. உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணுக்குச் சரி. ஓடி வரும் ஒன்றரை வயதுக் குழந்தை, நீங்கள் பட்டனை அழுத்துவதற்குள் அந்த ஆறு சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும். கண் மங்கி, பின்னால் கொலுசு கூர்மையாக இருக்கும் படங்கள் என்னிடமே நிறைய உண்டு. கடைசியில் நீங்களே லென்ஸ் திறப்பை 2.8-க்குக் குறைத்துக்கொள்வீர்கள்.

இன்னொன்று, 24 மிகக் கிட்டத்தில் போகும். 16 சென்டிமீட்டர் வரை ஃபோக்கஸ் கிடைக்கும். 50-க்கு 35 சென்டிமீட்டர் வேண்டும். விளக்குத்தூண் பக்கம் ஒரு பூக்கார அம்மாவைப் போன மாதம் எடுத்தேன். ஈரத் துணிக்கு மேல் மல்லிகை மொட்டுகள். காம்போடு காம்பு சேர்த்து நாரைச் சுற்றி, பெருவிரல் நகத்தால் அழுத்தி இழுக்கிறார். அந்த நகம் பூச்சாறு ஏறிப் பச்சையாகவே மாறியிருந்தது. குத்தவைத்து உட்கார்ந்து, அந்த விரலிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் 24-ஐ வைத்து எடுத்தேன். பின்னால் அவர் முகமும், அதற்குப் பின்னால் தெருவும் லேசாகத் தெரிகின்றன. யார் விரல், எந்த ஊர் என்பதெல்லாம் ஒரே படத்தில் இருக்கிறது. 50-ல் விரல் மட்டும்தான் வந்திருக்கும்.

பழைய ஃபிலிம்ரோல்

அந்த அம்மா உங்களை அவ்வளவு கிட்டே விட்டார், ஏனென்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். எல்லோருக்கும் அது வராது. புதிதாகத் தெருவில் இறங்குகிற ஒருவர் 24-ல் முகமும் தோளும் மட்டும் எடுக்க இரண்டடிக்குப் போக வேண்டும். 50-ல் நாலரை அடி. இரண்டடியில் போய் நின்றால் எதிரில் இருப்பவர் முகம் இறுகிவிடும், மூக்கும் பெரிதாகத் தெரியும்.

காசிமேடு காலை

மூக்கு பெரிதாவது லென்ஸால் இல்லை சார், தூரத்தால். இரண்டடியில் நின்று 50-ல் எடுத்தாலும் அதே மூக்குதான். 24 நம்மைக் கிட்டே போகவைக்கிறது, அதுதான் விஷயம்.

கிட்டே போவது பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. ஏலத்தில் முதல் நாலைந்து வாரம் நான் தூரத்திலிருந்து 55 முனையில்தான் எடுத்தேன். ஒளிந்து எடுத்த மாதிரியே இருக்கும் அந்தப் படங்கள், எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 35 வாங்கிய பிறகு கூடைக்குப் பக்கத்தில் போயே ஆக வேண்டும் என்று ஆனது. போனதும் ஓர் அக்கா, "என்னப்பா, தினம் வந்து எட்டி நின்னுட்டுப் போற" என்று கேட்டார். அன்றிலிருந்துதான் முகங்கள் கிடைத்தன. தயங்குகிறவருக்கு 50 கொடுத்தால் தயக்கம் அப்படியே இருக்கும் என்பது என் எண்ணம்.

லைட்ரூம் எண்ணிக்கை பற்றி நீங்கள் சொன்னது சரி, திரும்பிப் பார்த்தால் என் பழைய படங்களும் இரண்டு முனையில்தான் கிடக்கின்றன. அதனால் வைகைக்கரை, வேறு வழி சொல்கிறேன். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 24-ல் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். நாலு நாள் அதிலேயே எடுங்கள். அப்புறம் 50-ல் ஒட்டி நாலு நாள். வெளிச்சம் எப்படிப் போனாலும் போகட்டும், எவ்வளவு இடம் அடங்குகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

பழைய ஃபிலிம்ரோல்

இது நல்ல யோசனை. ஆனால் படத்தைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: டேப் ஒட்டிய 50-ல் 1.8 தெரியாது. பாதி 50-ஐத்தான் சோதிக்கிறீர்கள்.

வைகைக்கரை

மன்னிக்கவும், பதில் சொல்ல பத்து நாள் ஆகிவிட்டது. டேப் ஒட்டிப் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஹால் பத்துக்குப் பதினொன்று, ஒரு பக்கம் கட்டில். 50-ல் வைத்த நாலு நாளும் என் முதுகு பீரோவில்தான் இருந்தது. அவள் என்னை நோக்கி வந்தால் முகம், திரும்பினால் பின்னந்தலை. அழகாகத்தான் இருந்தன, ஃபிலிம்ரோல் சார் சொன்னது உண்மை. தூங்கும்போது எடுத்த ஒன்றை வால்பேப்பராக வைத்திருக்கிறேன்.

மாசி வீதியில் நேர்மாறாக நடந்தது. 50-ல் சுலபமாக இருந்தது, 24-ல் வைத்த ஞாயிறு மொத்தமே பதினோரு படம்தான் எடுத்தேன். எட்டு படத்தில் ஆள் சின்னதாக எங்கேயோ நிற்கிறார். கிட்டே போக எனக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது.

தெருவை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் 50 வாங்கியிருப்பேன். என் மனைவி எல்லாப் படங்களையும் உட்கார்ந்து பார்த்தார். அடுத்த மாதம் இந்த வீட்டைக் காலி செய்கிறோம். 24-ல் எடுத்த ஒன்றில் மகள் சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், என் அம்மா உள்ளே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார், சுவரில் மகள் கிறுக்கிய நீலக் கோடுகள் தெரிகின்றன. "50-ல எடுத்ததுல வீடே இல்லையே" என்றார் மனைவி. இங்கே இருக்கப்போவது இன்னும் மூன்று வாரம். நேற்று 24 வாங்கிவிட்டேன். நேற்று ராத்திரியே 1/125 நொடி ஷட்டரில் எடுத்துப் பார்த்தேன். ஐஎஸ்ஓ 3200 ஆகிறது. புள்ளி இருக்கிறது, ஆனால் கை கால் இழுக்கவில்லை.

ஒளிவாசல்

மகிழ்ச்சி தம்பி. அந்த நீலக் கோடுகளைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் கிட்டே போயும் எடுத்துவிடுங்கள், 16 சென்டிமீட்டரில்.

பழைய ஃபிலிம்ரோல்

காரணம் சொல்லி வாங்கியிருக்கிறீர்கள், எனக்குத் திருப்தி. 50 பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது. குழந்தைக்குக் காதுகுத்து எப்போது? குலதெய்வம் கோவிலில் மாமா மடியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் எல்லாம் குனிந்து நிற்பார்கள், 24-ஐக் கொண்டு உள்ளே நுழைய முடியாது. இரண்டு தோளுக்கு நடுவில் அவள் முகம் மட்டும் தெரியும். அந்த இடத்துக்கு 50தான். என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்று சும்மாதான் கிடக்கிறது. நானும் மதுரைதான்.

வைகைக்கரை

சார், வைகாசியில் வைத்திருக்கிறோம். வீடு மாறியதும் ஒரு ஞாயிறு வந்து வாங்கிக்கொள்கிறேன். நீங்களும் காதுகுத்துக்கு வர வேண்டும்.